ஆரஞ்சுப் பெட்டியும் இரண்டு போன் நம்பரும்

வாங்கினவர் ஆயுசுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே பொருளை விற்கிற தொழில் என்னுடையது. சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்களுக்கு ஆபத்துக்காலப் பெட்டி விற்று, அதை விமானத்தின் வால் பக்கம் பொருத்திக் கொடுக்கிறேன். கையில் அடங்குகிற ஆரஞ்சு நிறப் பெட்டி. விமானம் எங்கேயாவது மோதி விழுந்தால், அந்த அதிர்ச்சியில் அது தானாக விழித்துக்கொண்டு 'இன்ன இடத்தில் கிடக்கிறேன்' என்று செயற்கைக்கோளுக்குச் சொல்லும். செயற்கைக்கோள் மீட்பு மையத்துக்குச் சொல்லும். மையத்தில் இருப்பவர்கள், பெட்டி வாங்கியபோது சொந்தக்காரர் கொடுத்த இரண்டு போன் நம்பர்களுக்கு அடித்து, 'இவர் நிஜமாகவே பறந்துகொண்டிருந்தாரா, இல்லை பெட்டிதான் தவறி விழுந்ததா?' என்று விசாரிப்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் தேடுதல் வேகம் பிடிக்கும்.

தீயணைப்பு சிலிண்டர் விற்கிறவர்களே, ஹெல்மெட் கடைக்காரர்களே, ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டுகளே, என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும். நம்மைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வருகிற வாடிக்கையாளர் உலகத்தில் கிடையாது. ஒருமுறை பொருளை வாங்கிவிட்டால், அப்புறம் நம் முகத்தைப் பார்த்தாலே அவர்களுக்கு விபத்து ஞாபகம் வந்துவிடுகிறது.

எனக்குச் சொந்த ஊர் நகரி, பிழைப்பு ரேணிகுண்டாவில். ஒரே அறை, அதில் நான், ஒரு மேஜை, அலமாரி நிறைய ஆரஞ்சுப் பெட்டிகள். வேலை நடப்பதெல்லாம் விமானத்தின் வால் கூண்டுக்குள். விழுந்த விமானத்தில் கடைசியில் முழுசாக மிஞ்சுவது வால்தான் என்பதால் பெட்டிக்கு அங்கேதான் இடம். ஓர் ஆள் ஊர்ந்து நுழையலாம், இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. பேச்சுத் துணைக்கு டார்ச் லைட் மட்டும். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். 'மாப்பிள்ளை என்ன செய்கிறார்?' என்ற கேள்விக்கு எங்கள் வீட்டார் பதில் சொல்லி முடிப்பதற்குள் பெண் வீட்டார் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அக்கினி மூலை

திருப்பதியில் லாட்ஜ் நடத்துகிற ஒருவர் புதிதாக இரண்டு பேர் உட்காரும் விமானம் வாங்கினார். பெட்டியைப் பொருத்தப் போன அன்று அவர் கூடவே ஒரு வாஸ்துக்காரரும் வந்திருந்தார். வாஸ்துக்காரர் விமானத்தை மூன்று முறை சுற்றி வந்தார். ஆபத்து சம்பந்தப்பட்ட சாமான் அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும், வாலில் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று தீர்ப்பு சொன்னார்.

நான் பொறுமையாக விளக்கினேன். வீடு என்றால் ஒரு திசையைப் பார்த்து நிற்கும். விமானம் திரும்பத் திரும்ப மூலையும் அல்லவா திரும்பும்? காலையில் அக்கினி மூலையாக இருந்தது வளைந்து வரும்போது வாயு மூலை ஆகிவிடுமே? வாஸ்துக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நான் நாத்திகன் ஆகிவிட்டேன். லாட்ஜ்காரர்தான் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். ஷெட்டில் விமானத்தைத் திருப்பி, வால் தென்கிழக்கைப் பார்க்கும்படி நிறுத்தச் சொன்னார். நான் வாலுக்குள் ஊர்ந்துபோய்ப் பொருத்தினேன். வெளியே வந்து, "பறக்கும்போது என்ன பண்ணுவீங்க சார்?" என்று கேட்டேன். அவர் மேலே கையைக் காட்டிச் சொன்னார்:

"ஷெட்ல நிக்கிற வரைக்கும் வாஸ்து நம்ம பொறுப்பு சார். மேல போனப்புறம் ஏழுமலையான் பொறுப்பு."

கத்தும், கேட்காது

புத்தூர்ப் பக்கம் கல்லூரி நடத்துகிற ஒருவர், கழித்துப்போட்ட விமானம் ஒன்றிலிருந்து பழைய பெட்டியைக் கழற்றி வாங்கி வந்திருந்தார். புதுப் பெட்டி வாங்கச் சொன்னால், "இதுக்கு இன்னா கொறை? லைட் எரியுது, சத்தம் வருது" என்றார்.

குறை பெட்டியில் இல்லை, மேலேதான். அந்தக் காலத்துப் பெட்டிகள் ஒருவகை அலைவரிசையில் கத்தும். செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. ஆகவே அந்தப் பெட்டி இன்றைக்கும் விசுவாசமாகக் கத்தும். தற்செயலாக வேறு ஏதாவது விமானம் அந்தப் பக்கம் போய், அதன் விமானி அதே அலைவரிசையைத் திருப்பி வைத்திருந்தால் அவருக்குக் கேட்கலாம். புதிய வகை அப்படியில்லை. அது பேசுகிற அலைவரிசையை எந்நேரமும் செயற்கைக்கோள்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இதை அவருக்குச் சொன்னேன். அவர் பழைய பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பெட்டியின் மேல் அவருக்குத் திடீரென்று பாசம் வந்துவிட்டது போலிருந்தது. அப்புறம் சொன்னார்:

"அப்போ இது கத்தும், ஆனா யாரு காதுலயும் வுழாது. எங்க வூட்ல நானும் அப்படித்தான் சார்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் ரசீதுப் புத்தகத்தைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

எதைத் தேடும்?

இனி நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி முனிரத்தினம் என்கிற ஒரே ஆளைப் பற்றித்தான். சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரி வைத்திருந்தார். எழுபதைத் தொடுகிற வயசு. குடிபாலா பக்கம் தன் மாந்தோப்பை ஒட்டி ஒரு மண் ஓடுபாதை போட்டு, சின்ன விமானம் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டிருந்தார்.

எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டு வந்தார். மூன்றை மேஜைமேல் வைத்தேன். முதலாவது, இடத்தைத் தோராயமாகத்தான் சொல்லும். தேடுகிறவர்கள் கொஞ்சம் அலைய வேண்டும். இரண்டாவதில் ஜி.பி.எஸ். உண்டு, இன்ன இடம் என்று துல்லியமாகச் சொல்லும். ஆனால் விமானத்தோடு முடுக்கி வைத்துவிட்டால் கழற்ற முடியாது. மூன்றாவதிலும் ஜி.பி.எஸ். உண்டு, அதோடு, தேவைப்பட்டால் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கூடவே வருகிற சின்ன ஏரியலைச் செருகிக்கொள்ளலாம். வழக்கமாக வாடிக்கையாளர்கள் எடையைக் கேட்பார்கள், பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்பார்கள். முனிரத்தினம் வேறு கேட்டார். "நான் வுழுந்துட்டு, வண்டியிலருந்து எறங்கி ஒரு மரத்தடியில போய் உக்காந்துட்டேன்னு வையி. இது என்னத் தேடுமா, வண்டியத் தேடுமா?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. முதல் இரண்டும் வண்டியைத் தேடும், மூன்றாவது உங்களைத் தேடும் என்றேன். யோசிக்காமல் மூன்றாவதை எடுத்துக்கொண்டார். வெளியே எடுக்கத் தோதாக, அதை வாலில் வைக்காமல் சீட்டுக்குப் பின்னாலேயே மாட்டச் சொன்னார்.

பதிவு செய்ய இரண்டு போன் நம்பர் கேட்டேன். எந்நேரமும் எடுக்கக்கூடிய ஆட்களாக இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். முதலில் ஹைதராபாத்தில் இருக்கும் மகன் நம்பரைக் கொடுத்து, "அவன் எப்பவும் மீட்டிங்ல இருப்பான்" என்று சேர்த்துக்கொண்டார். இரண்டாவதுக்கு வெகுநேரம் யோசித்தார். "மங்கம்மா நம்பர் ஒண்ணு கீது. இன்னும் ரீசார்ஜ் பண்ணிக்கினுதான் கீறேன். ஆனா எடுக்க அவ இல்ல" என்றார். மங்கம்மா அவர் மனைவி. இறந்துபோயிருந்தார். பிறகு என் நம்பரைச் சொல்லச் சொன்னார். விற்கிறவன் நம்பரைப் போடுவது வழக்கமில்லை, சொந்தக்காரர் யாராவது இருந்தால் நல்லது என்று இழுத்தேன்.

"வேற ஆளு இருந்தா உன்ன ஏம்ப்பா கேக்கப்போறேன்? உன் நம்பரையே போடு."

மலைமேல் விமானம்

எங்கள் பக்கம் புது வண்டி வாங்கினால் திருமலைக்கு ஓட்டிப்போய்ப் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் மறுவேலை. விமானத்தை மலைக்கு ஓட்டிப்போக முடியாது. மலைமேல் விமானம் பறக்கக் கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். முனிரத்தினம் இதற்கு வழி கண்டுபிடித்தார். விமானத்துக்குப் பதிலாக, பதிவு முடிந்த பெட்டியை மட்டும் காரில் வைத்து மலைக்குக் கொண்டுபோனார். என்னிடம் சொல்லவில்லை.

நான் மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்த நேரம், மையத்திலிருந்து வசந்தி அழைத்தார். வசந்தியை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பெட்டிகளைப் பதிவு செய்கிற வகையில் பல வருஷமாகப் பழக்கமான குரல். அன்று வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார். "சார், திருமலை மேல விமானம் ஏதாவது விழுந்திருக்கா? முனிரத்தினம்ங்கிறவர் பெட்டி அங்கருந்து பேசுது. மகன் போன் எடுக்கல." முனிரத்தினத்துக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தது. இலையில் கைவைத்தபடியே எழுந்துவிட்டேன். மலைக்குப் போகிற பஸ்ஸில் என் மடியில் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. இந்தப் பெட்டிகள் பக்கத்தில் வருகிறவர்களுக்காகப் பழைய அலைவரிசையிலும் மெல்ல ஊளையிடும். அதைக் கேட்கிற ரேடியோ. மலை ஏறினதும் ஊளைச் சத்தம் கேட்டது. ஆனால் புகையும் இல்லை, கூட்டமும் இல்லை. எல்லாரும் லட்டுப் பையோடு நடந்துகொண்டிருந்தார்கள். சத்தம் என்னைக் கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்துப் போனது.

ஒரு வெள்ளைக் காரின் முன் கண்ணாடிக்குள், கோபுரத்தைப் பார்த்தபடி எங்கள் ஆரஞ்சுப் பெட்டி உட்கார்ந்திருந்தது. மஞ்சள், குங்குமம், சாமந்திப்பூ எல்லாம் வைத்து, ஏரியலும் செருகி, விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. கோயிலுக்குள் எடுத்துப்போக விடமாட்டார்கள் என்பதால் காரிலிருந்தே பெட்டிக்கு சாமி தரிசனம் ஏற்பாடு செய்திருக்கிறார். சாமிக்கு முன்னால் விளக்கு அணைந்திருக்கலாமா என்று சுவிட்சையும் தள்ளிவிட்டு, போனைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வரிசைக்குப் போய்விட்டார்.

வசந்திக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டுக் காரில் சாய்ந்து நின்றேன். சாயங்காலமாக மொட்டைத் தலையோடு வந்தார். என் கோபத்தையெல்லாம் கொட்டினேன். எத்தனை பேரைப் பதற வைத்தீர்கள், நான் சாப்பாட்டை விட்டுவிட்டு மலையேறி வந்திருக்கிறேன், தெரியுமா என்று கத்தினேன். அவர் முகம் வாடவில்லை, மலர்ந்துகொண்டே போனது. "என்னத் தேடிக்கினா வந்தே? இம்மாந்தூரம்?" என்று இரண்டு தடவை கேட்டார். பையைத் திறந்து ஒரு லட்டை முழுசாக எடுத்து என் கையில் வைத்தார்.

"மங்கம்மா போனப்புறம் என்ன யாரும் தேடினதில்ல தணிகா. கோவிச்சுக்காத, லட்டு துன்னு."

செல்ஃப் டெஸ்ட்

என் பெயர் தணிகாசலம். தணிகா என்று கூப்பிட அதுவரை எங்கள் அம்மா மட்டும்தான் இருந்தார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்தப் பெயர் சும்மா கிடந்தது.

பெட்டியில் செல்ஃப் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் பெட்டி தன்னைத்தானே பரிசோதித்துக்கொண்டு, நலமாக இருக்கிறேன் என்று ஒருமுறை விளக்கைக் காட்டும். மாதம் ஒருமுறை போதும். முனிரத்தினம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அமுக்கினார். அமுக்கிவிட்டு எனக்குப் போன் செய்து, "டெஸ்ட் ஓகேப்பா" என்பார். அது ஒரு வார்த்தை. அப்புறம் இந்த வருஷம் பெங்களூரா ரக மாங்காய் வரத்து, சித்தூர் வெயில், சமையல்காரம்மா ரசத்தில் உப்பு போடாதது என்று அரைமணி ஓடும். கிளம்புகிற நாளில், "கிளம்பறேன் தணிகா" என்று ஒரு போன். தரையைத் தொட்டதும், "எறங்கிட்டேன் தணிகா" என்று இன்னொரு போன்.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. வால் கூண்டுக்குள் குப்புறப் படுத்திருக்கும்போது மாங்காய் விலையைக் கேட்க யாருக்குப் பிடிக்கும்? பிறகு எப்போது மாறினேனோ தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போகும்போது போனைக் குளியலறை ஜன்னலில் வைக்க ஆரம்பித்தேன். இருந்தாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. ஒருநாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "சார், வாராவாரம் அமுக்கினா பேட்டரி தீர்ந்துபோகும். அவசரத்துக்கு நிக்காது." அதற்கும் அவரிடம் வழி இருந்தது:

"சரி வுடு. இனிமே டெஸ்ட் பண்ணாமலே போன் பண்றேன்."

எனக்கே போன்

மலையேறப் போகிறவர்கள் பையில் வைத்துக்கொள்கிற சின்னப் பெட்டியும் உண்டு. ஒரு வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த பெட்டி ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. வேலைக்காகக் காட்டுப் பாதையிலெல்லாம் தனியாக பைக்கில் போகிறவன், எனக்கே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. எத்தனையோ பேருக்குப் பதிவு செய்து கொடுத்தவன், முதல்முறையாக எனக்காகப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். பெயர் எழுதியாயிற்று, முகவரி எழுதியாயிற்று. அப்புறம் அந்த இரண்டு நம்பர்.

நகரியில் இருக்கும் தம்பி செல்வத்தின் நம்பரைப் போட்டேன். எங்கள் வீட்டில் பவர்லூம் தறிகள் ஓடுகின்றன. அவை ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது, போன் மணி எங்கே கேட்கும்? மின்சாரம் போனால்தான் எங்கள் வீட்டில் ஒருவரோடொருவர் பேசுவோம். தம்பி நல்லவன்தான், என்மேல் பிரியம் உள்ளவன்தான். என் வார்த்தை அவனுக்கு எட்டாது, அவ்வளவுதான். மையத்திலிருந்து வசந்தி நம்பரைச் சரிபார்க்க அவனுக்குப் பலமுறை அடித்து ஓய்ந்துவிட்டு எனக்கு அடித்தார். "சார், உங்க தம்பி ஒருவழியா எடுத்தாரு. ரயில் எஞ்சினுக்குள்ள குடியிருக்காரா? நான் பேசினது எதுவுமே அவருக்குக் கேக்கல. வேற நம்பர் குடுங்க." போன் புத்தகத்தை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். விமானக்காரர்கள், பேட்டரி கடைக்காரர், மெஸ், கேஸ் சிலிண்டர். முனிரத்தினத்தின் பெயரும் இருந்தது. ஆனால் வாடிக்கையாளரிடம் போய், நான் விழுந்தால் நீங்கள் எடுங்கள் என்று எப்படிக் கேட்பது? வெட்கமாக இருந்தது. பேச்சு நின்றுபோகக் கூடாதே என்று என் இன்னொரு சிம்மின் நம்பரைச் சொன்னேன். வசந்தி எழுதிக்கொண்டு, உடனே பேனாவை வைத்துவிட்டார் போலிருக்கிறது.

"சார், இது உங்க நம்பர்தானே? நீங்க தொலைஞ்சுபோனா உங்களுக்கே போன் பண்ணி, தணிகாசலத்தைக் காணோம்னு சொல்லட்டுமா?"

பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்தேன். சின்னப் பெட்டியை அலமாரியில் பின்வரிசையில் தள்ளினேன். ஊருக்கெல்லாம் துணை ஏற்பாடு செய்கிறவனுக்கு இரண்டு நம்பர் இல்லை. அன்றைக்கு மெஸ்ஸுக்குப் போகப் பிடிக்கவில்லை.

வராத இரண்டாவது போன்

மாங்காய் சீசன் முடிகிற சமயம், ஒரு காலையில் முனிரத்தினம் கூப்பிட்டார். "கிளம்பறேன் தணிகா. ரேணிகுண்டாவுக்கு வந்து எறங்கி பெட்ரோல் போட்டுக்கப் போறேன். நீ துன்னாத இரு, ஒண்ணா டிபன் துன்னலாம்." நான் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தேன். 'எறங்கிட்டேன்' என்ற போன் வர வேண்டிய நேரத்தில் வசந்தியின் போன் வந்தது.

"சார், முனிரத்தினம் பெட்டி பேசுது. புத்தூருக்கு மேற்க, மலை அடிவாரம். மகன் எடுக்கல. போன தடவை மாதிரி பூஜை ஏதாவதா? அந்தப் பக்கம் கோயில் எதுவும் இருக்கா?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஒருமுறை பொய்யாகக் கத்தின பெட்டி அது. "பூஜை இல்லம்மா. காலையில கிளம்பறேன்னு போன் பண்ணாரு. எறங்கிட்டேன்னு பண்ணல. அவர் பண்ணாம இருக்க மாட்டாரு. நிஜமாவே விழுந்துட்டாரு, அனுப்புங்க" என்றேன். எங்கேயிருந்து கிளம்பினார், எங்கே போகிறார், எத்தனை பேர் என்று அவர் கேட்கக் கேட்க எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. நான் சலித்துக்கொண்டு கேட்ட போன்கள்தான் அத்தனை பதிலும்.

பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். புத்தூர் தாண்டி ஏரிக்கரையில் போலீஸ் ஜீப்பும் ஆம்புலன்ஸும் வந்து சேர்ந்தன. ஜீப்போடு சேர்ந்து உள்ளே போனேன். வறண்ட ஏரிக்கு அப்பால், ஆள் நடமாட்டமில்லாத முள்காட்டில் விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. வால் முழுசாக இருந்தது. சீட்டில் அவர் இல்லை. சீட்டுக்குப் பின்னால் பெட்டியும் இல்லை. பெட்ரோல் வாடை மட்டும் அடித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சார் என்று கூப்பிட வாய் வரவில்லை, அண்ணா, அண்ணா என்றுதான் வந்தது. அப்போது போன் அடித்தது, வசந்திதான்: "சார், பெட்டி கொஞ்சம் நகர்ந்திருக்கு. மலைப் பக்கமா நடங்க."

ஒரு புங்கமரத்தடியில் கிடந்தார். கால் ஒடிந்து திரும்பியிருந்தது. பெட்ரோல் வாடைக்குப் பயந்து, பெட்டியைக் கழற்றி மார்பில் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் நகர்ந்தே வந்திருக்கிறார். ஏரியல் சரியாகச் செருகியிருந்தது. மடியில் விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. நான் பக்கத்தில் போய் விழுந்து அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. அவர் உதடெல்லாம் வெடித்திருந்தது. என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"டிபன் துன்னுட்டியா, இல்ல எனக்காவ காத்துக்கினு கீறியா?"

நம்பர் மாற்றம்

மகன் அன்று மாலையே சித்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். நான் நினைத்த மாதிரி ஆள் இல்லை. தவறவிட்ட அழைப்புகளைப் போனில் பார்த்துப் பார்த்து உடைந்துபோயிருந்தார். காலுக்குக் கட்டுப் போட்டதும் அப்பாவை ஹைதராபாத்துக்கே அழைத்துப் போய்விட்டார். ஃபேக்டரி கைமாறியது. வால் பக்கம் நன்றாக இருந்த விமானத்தை யாரோ வாங்கிச் சரிசெய்துகொண்டார்கள். பெட்டியும் அவர்களோடு போனது. புதுச் சொந்தக்காரருக்கு மனைவி, மக்கள், மச்சான்கள் என்று நிறைய நம்பர் இருந்தது. என் நம்பரை எடுத்துவிடச் சொல்லி நானே வசந்தியிடம் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து மயக்கத்திலேயே கிளம்பினவர், போனபிறகு ஒரு தடவை பேசினார், நன்றாக இருக்கிறேன் என்றார். பறக்காத ஆளுக்குக் 'கிளம்பறேன்' என்றும் 'எறங்கிட்டேன்' என்றும் சொல்ல என்ன இருக்கிறது? பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கிறவரை நாம் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நானும் கூப்பிடவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் குளியலறை ஜன்னலில்தான் இருந்தது. குளித்துவிட்டு எடுத்துப் பார்ப்பேன். கேஸ் கம்பெனி குறுஞ்செய்தி இருக்கும்.

ஒரு ஞாயிறு அப்படிப் பார்த்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் அலமாரியின் பின்வரிசையிலிருந்து என் சின்னப் பெட்டியை எடுத்தேன். மறுநாள் வசந்தியைக் கூப்பிட்டு, தம்பி நம்பரை இரண்டாவதுக்குத் தள்ளி, முதல் நம்பராக முனிரத்தினத்தின் நம்பரைக் கொடுத்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் நாக்குப் புரளாது என்று தெரியும். வசந்தி கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அந்த இடைவெளியில் பேட்டரிகளைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். எழுபது வயசுக்காரர், ஹைதராபாத்தில் இருக்கிறவர், ஒடிந்த காலோடு என்னை எங்கே வந்து தேடுவார், நான் ஏன் இப்படி அசடனாக ஆனேன் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

வசந்தி திரும்ப அழைத்தார். அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது, மூக்கடைத்த மாதிரியும் இருந்தது. "சார், முதல் மணியிலேயே எடுத்தாரு. தணிகாசலம் அபாயத்துல மாட்டினா உங்களுக்குப் போன் பண்ணலாமான்னு கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றார்.

"தொலைஞ்சப்புறம் எதுக்கும்மா? தொலையறதுக்கு முன்னாடியே ஞாயித்துக்கெழம ஒரு போன் பண்ணச் சொல்லு அவன. நானும் காத்துக்கினுதான் கீறேன்."

பெட்டிக்குக் கம்பெனி உத்தரவாதம் உண்டு, பேட்டரிக்குக் காலக்கெடு உண்டு, ஆனால் போனை முதல் மணியிலேயே எடுக்கிற ஆள் மட்டும் இதுவரை எந்தக் கம்பெனியிடமிருந்தும் எனக்கு சப்ளை வந்ததில்லை.